மியாட்டாவில் அகல டயர்: சுத்தியலை எடுக்கும் முன் அளவுகோலை எடுங்கள்

டயர் உரச ஆரம்பித்ததும் எல்லோருக்கும் முதலில் ஃபெண்டர் மேல்தான், அதாவது சக்கரத்தை மூடும் பக்கத் தகடு மேல்தான், கோபம் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா, 1989-ல் வந்ததே, முகப்பு விளக்கு மேலே எழும்பும் வண்டி, அதில் 15 அங்குல ரிம்மும் 205 மி.மீ. அகல டயரும் மாட்டி வீட்டுக்கு ஓட்டி வந்தேன். முதல் வேகத்தடையிலேயே பின்னால் 'சர்ர்' என்று ஒரு சத்தம். அன்றைக்கே பின் சக்கரத்துக்கு மேலே வளையும் ஆர்ச் விளிம்பைத் தட்டி மடித்தேன், பெயின்ட் வெடித்தது, சத்தம் மட்டும் போகவில்லை. உரசியது விளிம்பே இல்லை, உள்ளே இருந்த பிளாஸ்டிக் லைனர்.

அதனால் முதல் வேலை, எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிப்பது. உரசிய இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும், டயரின் தோள்பட்டையிலும் அதற்கு நேராக ஒரு கோடு விழுந்திருக்கும். சந்தேகமான இடத்திலெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள், கிழிந்திருக்கும் டேப் சொல்லிவிடும். ஓட்டும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ரிவர்ஸிலும் ஒடித்து, பக்கத்தில் ஒரு ஆளையும் உட்கார வைத்துப் பாருங்கள். நிற்கிற வண்டியில் விரல் விட்டுப் பார்த்து "இடம் இருக்கே" என்று சொல்வதில் அர்த்தமில்லை, சக்கரம் மேலே ஏறும்போதுதான் எல்லாம் நடக்கிறது.

இன்னும் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் (சக்கரம் மேலே ஏறுவதை ஒரு எல்லையில் நிறுத்தும் துண்டு) மட்டும் திரும்பப் பூட்டி, சக்கரத்தை மாட்டி, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து பம்ப் ஸ்டாப் அழுந்தும் வரை தூக்குங்கள். ஸ்பிரிங் இருக்கும்போதே இப்படித் தூக்கினால் வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்பிவிடும், விளையாட வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றுவது பழக்கமில்லை என்றால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் இருக்கிற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ரிம் இன்னும் வாங்கவில்லையா? அப்படியானால் நீங்கள் கொடுத்து வைத்தவர், கணக்கை இப்போதே போடலாம். சக்கரம் ஹப்பில் (சக்கரத்தை நட் போட்டுப் பூட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். அந்த எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். ரிம் அகலத்தில் பாதியை மி.மீ.-க்கு மாற்றி, அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப்பிலிருந்து வெளிப்பக்க நீளம், கூட்டினால் உள்பக்க நீளம், அவ்வளவுதான்.

வண்டியோடு வந்த 14 அங்குல ரிம் 5.5 அகலம், ஆஃப்செட் 45. வெளியே 25 மி.மீ., உள்ளே 115. இப்போது 8 அங்குல அகல ரிம்மை ஆஃப்செட் 25-ல் வாங்கினால் வெளியே 77, உள்ளே 127 வரும். வெளிப்பக்கம் மட்டும் 52 மி.மீ. தள்ளிவிட்டது, உள்ளே 12 தான். அதே ரிம் ஆஃப்செட் 36-ல் கிடைத்தால் வெளியே 66, உள்ளே 138, அதாவது ஃபெண்டருக்கு 11 மி.மீ. மிச்சம். பார்க்க அழகாக இருக்கிறது என்று குறைந்த ஆஃப்செட் வாங்கிவிட்டு அப்புறம் ஃபெண்டரோடு மல்லுக்கட்டுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். எந்த வம்பும் வேண்டாம் என்பவருக்கு 7 அங்குல அகலம், ஆஃப்செட் 35, 195/50 டயர் (195 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 50 சதவீதம்), உயரத்தைக் குறைக்காமல் விட்டால் நிம்மதி.

டயர் விட்டத்தையும் பாருங்கள். பழைய 185/60, 14 அங்குலம் சுமார் 578 மி.மீ. விட்டம். 195/50, 15 அங்குலம் 576. 205/50 போட்டால் 586 ஆகிவிடும், மேலே 4 மி.மீ. போய்விட்டது. 225/45 என்றால் 583 அல்லது 584, ஆனால் அகலம் வேறு கதை. பக்கத்தில் எழுதியிருக்கும் அளவு ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி தோள்பட்டை மாறும், சதுரமான தோள் உள்ள டயர் உரசுகிற இடத்தில் உருண்டை தோள் உள்ளது தப்பிவிடும். ரிம் அரை அங்குலம் அகன்றால் டயரும் சுமார் 5 மி.மீ. விரியும், இதையும் கணக்கில் சேருங்கள்.

மாட்டியாகிவிட்டது, உரசுகிறது என்றால் முதலில் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம். மியாட்டாவில் நான்கு சக்கரத்துக்கும் கீழ் ஆர்மில் மையம் தள்ளிச் சுழலும் போல்ட் இருப்பதால் அலைன்மென்ட் கடையிலேயே வேலை முடிந்துவிடும். மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி வரை வைத்தால் டயரின் மேல்பகுதி உள்ளே சாயும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஆர்ம் உள்ள இரட்டை விஷ்போன் அமைப்பு என்பதால் சக்கரம் மேலே ஏற ஏற அதுவாகவும் கொஞ்சம் உள்ளே சாயும். கேம்பர் மாற்றினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், அதையும் சரி செய்யாமல் கடையை விட்டு வராதீர்கள்.

முன்பக்கம் என்றால் பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகையும் அது பூட்டும் காதையும் பாருங்கள், பல வண்டிகளில் குற்றவாளி அதுதான். லைனரை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி உள்ளே அழுத்தினாலே போதும், வெட்ட வேண்டியதில்லை.

அதற்கும் மசியாவிட்டால் விளிம்பை மடியுங்கள். வண்டி உயரத்தைக் குறைத்து 9 அங்குல ரிம்மும் 225-ம் போடுகிறவர்களுக்கு இது எப்படியும் வரும். ஹப்பில் பூட்டும் ஃபெண்டர் ரோலரை வாடகைக்கு எடுங்கள், சுத்தியல் வேண்டாம். கை வைத்தால் சுடுகிற அளவுக்கு பெயின்டைச் சூடாக்கிக்கொண்டே, ஒரே தடவையில் மடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவையில் மடியுங்கள். பின்பக்க விளிம்பில் இரண்டு தகடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே சீலன்ட் பிளந்தால் தண்ணீர் இறங்கித் துரு பிடிக்கும், துருவுக்கு இந்த வண்டியின் பின்பகுதி ஏற்கெனவே பேர் போனது. பிளந்த இடத்தில் பிரைமரும் புது சீலன்ட்டும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

உள்பக்கம் உரசுகிறதென்றால் ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் வளையத் தகடு. நடு ஓட்டை 54.1 மி.மீ. சரியாகப் பொருந்துவதாக வாங்குங்கள். வீல் நட் குறைந்தது 8 சுற்று மரையில் ஏற வேண்டும், ஏறவில்லையென்றால் நட் ஏறும் ஸ்டட்டை நீளமானதாகப் போட்டே தீர வேண்டும்.

கடைசியாக உயரம். குறைத்த வண்டியை 10 மி.மீ. ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும், ஆனால் யாருக்கும் மனசு வராது, எனக்கும் வரவில்லை. பம்ப் ஸ்டாப்பை வெட்டி எறிவது மட்டும் கூடவே கூடாது, சக்கரம் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்துவதே அதுதான்.

எல்லாம் முடிந்ததும் நட்டை 88-லிருந்து 118 நியூட்டன் மீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டேப்பை அதுவரை எடுக்க வேண்டாம், எங்கேயும் கிழியவில்லை என்றால் அப்புறம் உரித்துக்கொள்ளலாம்.