பல்லாங்குழியில் எண்ணப் பழக்குவது எப்படி?

அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லித்தர நான் சுவரில் தொங்கும் அட்டையை நம்புவதில்லை. பல்லாங்குழிதான். பலகை இல்லையா? மண்ணில் குழி தோண்டுங்கள். முட்டை அட்டையும் போதும்.

முழு ஆட்டத்துக்கு 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 காய். சின்னப் பிள்ளைகள் மலைத்துப்போவார்கள். நான் ஆளுக்கு 3 குழி, குழிக்கு 2 புளியங்கொட்டை என்று தொடங்குவேன். முதல் வாரம் ஆட்டமே கிடையாது: அள்ளு, குழிக்கு ஒன்றாகப் போடு, அவ்வளவுதான். விரலும் வாயும் சேர்ந்து ஓடப் பழகுவதே இங்கே பாடம். “ஒண்ணு, ரெண்டு” என்று ராகமாக ஒப்பிக்கும் பிள்ளை ஒரே குழியில் இரண்டைப் போட்டுவிடும். உடனே திருத்தாதீர்கள். கடைசிக் குழிக்குக் காய் இல்லாதபோது அதுவே முழிக்கும், திரும்ப அள்ளும்.

பிறகு ‘பசு’. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எண்ணாமலே, பார்த்தவுடன் நான்கைக் கண்டுகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். அழகுதான், ஆனால் கொடிய விஷம். புளியங்கொட்டையும் மூக்குக்குள் போகும், ஒருமுறை பட்டிருக்கிறேன். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் வாயில் போட முடியாத பெரிய கூழாங்கல், கொட்டாங்கச்சி.

வாரம் ஒருநாள் ஆட்டம் தெரிந்த பாட்டி ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் விதி உங்கள் விதியோடு ஒத்துப்போகாது. அன்றைக்கு அவர் சொல்கிறபடியே ஆடுங்கள்.