டெக்சஸ் ஸ்டார் தேர்வு முடிவில் எந்த எண்ணைப் பார்ப்பது?

டெக்சஸில் பள்ளி மாவட்டங்கள் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) ஸ்டார் (STAAR) தேர்வு, அதாவது மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நடத்தும் தேர்வின் முடிவுகளை வெளியிடும்போது, பெரிதாகத் தெரியும் தேர்ச்சி விகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். வகுப்புக்கேற்ற திறனை நெருங்குவதைக் குறிக்கும் 'அப்ரோச்சஸ்' நிலையைத் தொட்டாலே தேர்ச்சிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படலாம். வகுப்புக்கேற்ற திறன் வந்துவிட்டதா என்று காட்டுவது 'மீட்ஸ்' விகிதம். வாசிப்பு, கணிதம் இரண்டிலும் முதலில் அதைத் தேடுங்கள்.

போன வருட மூன்றாம் வகுப்பை இந்த வருட நான்காம் வகுப்போடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். பழைய எண்களில் கவனம் வேண்டும்: 2020-இல் தேர்வே நடக்கவில்லை, 2023-இல் தேர்வின் வடிவம் மாறிவிட்டது.

வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் முடிவு தனி வரிசையில் இருக்கும். மாவட்டச் சராசரி நன்றாக இருந்தாலும் அதையும் அவசியம் பாருங்கள். அங்கே பெரிய இடைவெளி தெரிந்தால், பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.