பிள்ளைக்கு வகுப்பறை பார்க்கப் போகும்போது

சின்னப் பிள்ளையோடு அமெரிக்கா வந்திறங்கியிருக்கிறீர்கள். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, நடக்கச் சிரமப்படுகிறது என்று ஏதோ ஒன்று உறுத்துகிறது. வீடு, கார், லைசென்ஸ் எல்லாம் முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே ‘ஐடியா’ (IDEA) என்ற கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது; குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான சட்டம் அது. மூன்று வயதுக்குள் என்றால், சின்ன வயதிலேயே உதவி தரும் மாநிலத்தின் ‘எர்லி இன்டர்வென்ஷன்’ திட்டத்தை அணுகுங்கள். மூன்று முடிந்துவிட்டால் உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டை அணுகுங்கள். பிள்ளை தகுதி பெற்றால் டிஸ்ட்ரிக்ட் தரும் வகுப்பும் தெரபியும் இலவசம். உங்கள் விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளையை மதிப்பீடு செய்யச் சொல்லி டிஸ்ட்ரிக்டிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் தேதிக்கு அத்தாட்சி இருக்காது. நீங்கள் சம்மதக் கையெழுத்து போட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள், அல்லது மாநிலம் வைத்திருக்கும் கெடுவுக்குள், டிஸ்ட்ரிக்ட் மதிப்பீட்டை முடித்தாக வேண்டும்.

வகுப்பறையை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். நாங்கள் முதலில் பார்த்த வகுப்பில் சுவரெல்லாம் வண்ணம், அலமாரி நிறையப் பொம்மை. எனக்குப் பிடித்துப்போனது. அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: வீல்சேரில் இருந்த குழந்தை ஒரு உதவியாளரோடு மூலையிலேயே இருந்தாள். மற்ற பிள்ளைகள் யாரும் அவளிடம் போகவில்லை. போக வைக்கவும் யாரும் முயலவில்லை. ஒரே அறையில் இருப்பது வேறு, சேர்ந்து விளையாடுவது வேறு.

அதனால் டீச்சரின் கண்ணையும் கையையும் பாருங்கள். தரையில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பேசுகிறாரா? கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா? பேசாத பிள்ளைக்குப் படம் காட்டியோ சைகையிலோ கேட்க வழி வைத்திருக்கிறாரா? அழும் பிள்ளையை வெளியே தூக்கிப் போகிறார்களா, பக்கத்தில் இருந்து ஆற்றுகிறார்களா? தெரபி என்றால் ஒவ்வொரு முறையும் தனி அறைக்குத்தானா, விளையாட்டுக்கு நடுவிலும் நடக்கிறதா என்றும் கேளுங்கள்.

வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைக்குப் பேச்சு தாமதமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. தாத்தா பாட்டியோடு பேச அந்தப் பிள்ளைக்கும் மொழி வேண்டும்.

பிள்ளைக்கான திட்டத்தை எழுதும் கூட்டத்துக்கு ‘ஐ.இ.பி. மீட்டிங்’ என்று பெயர். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. கூச்சப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். மேசையைச் சுற்றி ஆறேழு பேர் இருப்பார்கள், பேனாவையும் நீட்டுவார்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுப் போடுங்கள்.