வண்டி எடுக்கும் முன் ஒரு சுற்று பாருங்கள்

வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை சுற்றி வந்து டயர், பிரேக், விளக்குகளைப் பாருங்கள். கார் டயரின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. என்ற குறைந்தபட்ச எல்லையைத் தொட்டுவிட்டது, மாற்றியே ஆக வேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190வது பிரிவு, "எனக்குத் தெரியாது" என்ற பதிலை அப்படியே ஏற்பதில்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் ஆபத்தான குறையோடு பொது இடத்தில் ஓட்டினாலே குற்றம்தான். அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஓட்டியவர் மட்டுமல்ல, அந்த வண்டியை ஓட்டக் கொடுத்தவரும் சிக்குவார். தம்பிக்கோ நண்பருக்கோ சாவியை நீட்டும்போது இது நினைவிருக்கட்டும்.

வெளியே தெரியாத உட்கோளாறு திடீரென வெடித்தால் இது பொருந்தாது. ஆனால் மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தால், உள்ளே இருக்கும் கோளாறும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.