ப்ளக்கை விழுங்கும் இன்ஜின்: பழைய எக்ஸ்பெடிஷனில் செய்யக்கூடாதவை

2005 முதல் 2008 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்பெடிஷனின் பானெட்டைத் திறந்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது, பின்னால் இருக்கிற ஸ்பார்க் ப்ளக்குகளுக்குக் கை எப்படிப் போகும் என்பதுதான். 5.4 லிட்டர் வி8 இன்ஜினின் பின்பாதி, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. சிலிண்டர்களின் எண் பயணி பக்கம் முன்னாலிருந்து 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8. நான்காவதும் எட்டாவதும் ஃபயர்வாலை, அதாவது இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள சுவரை, ஒட்டி இருப்பதால் எல்லாரும் அவற்றைப் பார்த்தே பயப்படுகிறார்கள். கை எட்டாதது எரிச்சல்தான், ஆனால் அதனால் இன்ஜின் கெடாது. சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வைக்கிற தவறு, கைக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிகிற முதல் ப்ளக்கிலேயே நடந்துவிடலாம்.

காரணம் அந்த ப்ளக்கின் அமைப்பு. சாதாரண ப்ளக்கில் மரை முடிகிற இடத்தோடு ஏறக்குறைய ப்ளக்கும் முடிந்துவிடும். இதில் மரைக்குக் கீழே ஒரு நீளமான எஃகுக் குழல் எரியறை வரை நீள்கிறது. குழலும் மேலுடலும் ஒரே துண்டு அல்ல, விளிம்பை நசுக்கி இணைத்தவை. குழலுக்கும் ஹெட்டின் துளைக்கும் நடுவே இருக்கிற மெல்லிய இடைவெளியில் வருடக்கணக்கில் கரி படிகிறது. ஃபோர்டு அட்டவணைப்படி 1,00,000 மைலுக்கு, அதாவது சுமார் 1,60,000 கி.மீ.க்கு ஒருமுறைதான் ப்ளக் மாற்ற வேண்டும். அவ்வளவு காலம் கழித்துத் திருப்பும்போது மேலுடல் சுற்றும், குழல் கரியில் ஒட்டி அசையாமல் நிற்கும், நடுவில் இணைப்பு விட்டுப்போகும். கையில் பாதி ப்ளக் வரும், மீதி உள்ளேயே இருக்கும்.

ஆகவே முதல் தவறு, எந்த இன்ஜின் என்று பார்க்காமல் ஆரம்பிப்பது. 2004 வரை வந்த எக்ஸ்பெடிஷன்களில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள இன்ஜின். அதன் வியாதி நேர் எதிரானது. பல ஹெட்களில் ப்ளக்கைப் பிடித்திருக்க நாலைந்து மரைதான் இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ளக் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே தெறிக்கும். பழையது ப்ளக்கைத் துப்பும், 2005 முதல் வந்த மூன்று வால்வு இன்ஜின் ப்ளக்கை விழுங்கும். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றதற்கு ஆகாது. 2007 இறுதியில் ஹெட்டையும் ப்ளக்கையும் ஃபோர்டு மாற்றிவிட்டதால் 2008 மாடலில் இந்த விழுங்கும் வகையும் இருக்கலாம், மாற்றிய வகையும் இருக்கலாம். ப்ளக் வாங்கும் முன் இன்ஜின் தயாரான தேதியைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றுவது. 'ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து கழற்றினால் இளகிவிடும்' என்று சொல்பவர்கள் நிறைய. ஃபோர்டு 2008-ல் வெளியிட்ட 08-7-6 என்ற சேவைக் குறிப்பு இதற்கு நேர் மாறாகச் சொல்கிறது: இன்ஜின் நன்றாக ஆறி, அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், ப்ளக் எஃகு. சூட்டில் திருப்பினால் மரை போகும். முந்தின நாள் இரவே வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போவது உத்தமம்.

ஒவ்வொரு ப்ளக்கின் மேலும் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் கொடுக்கிற காயில்களைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். ஒவ்வொன்றையும் 7 மி.மீ. போல்ட் ஒன்று பிடித்திருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு. பதினைந்து வருடச் சூட்டில் அது அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். காயிலை நேராக இழுக்காமல் முதலில் இடமும் வலமும் லேசாகத் திருகினால் ரப்பர் உறை கிழியாமல் வரும். கிழிந்தே வந்தால் உள்ளே தங்கிய ரப்பரையும் ஸ்பிரிங்கையும் எடுக்காமல் சாக்கெட்டை இறக்கக் கூடாது. பிறகு ப்ளக் இருக்கிற ஒவ்வொரு குழியையும் கம்ப்ரஸர் காற்றால் ஊத வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. இதைத் தவிர்த்தால் மண்ணும் துருவும் நேரே சிலிண்டருக்குள் விழும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. இங்கே தேவைப்படுவது பலத்தைவிடப் பொறுமை. 9/16 அங்குல சாக்கெட்டைப் போட்டு ப்ளக்கை எட்டில் ஒரு பங்கு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். அதோடு கை நிற்க வேண்டும். குழிக்குள் கார்புரேட்டர் கிளீனரை அரை முதல் ஒரு டீஸ்பூன் அளவு, ப்ளக்கின் அறுகோணத் தலை மூழ்கும் வரை விட்டு, குறைந்தது 15 நிமிடம் ஊறவிட வேண்டும். தளர்ந்த மரை வழியாகத் திரவம் இறங்கிக் குழலைச் சுற்றிய கரியை நனைக்க அந்த நேரம் தேவை. ஊறும்போது 'இளகிவிட்டதா பார்ப்போம்' என்று ஆட்டிப் பார்ப்பதும் தவறுதான். நான் முதல் தடவை ஏழு நிமிடத்தில் கை வைத்தேன். கிறீச்சென்று வந்த சத்தத்தில் ராட்செட்டைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நல்லவேளை, ஒன்றும் உடையவில்லை.

எண்ணெய், டீசல், கைக்குக் கிடைத்த துரு நீக்கி என்று எதையாவது ஊற்றுவதும், ஒரு டீஸ்பூன் நல்லதென்றால் நாலு இன்னும் நல்லதென்று நினைப்பதும் கூடாது. அதிகமானது சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கும். திரவம் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராட் வளையக்கூடும்.

ஊறிய பிறகு கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி என்று முன்னும் பின்னுமாகத் திருப்ப வேண்டும். சத்தம் வரும், பிடிப்பும் பலமாக இருக்கும். திருப்பு விசை சுமார் 45 நியூட்டன் மீட்டர் வரை தேவைப்படலாம் என்று அதே குறிப்பு சொல்கிறது, ஆகவே அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். பிடிப்பு மளமளவென்று ஏறினால் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் கிளீனர் விட்டுக் காத்திருங்கள். இம்பாக்ட் கன் பக்கமே போகாதீர்கள். வந்துவிட்டது என்று ஒரே மூச்சில் கழற்ற முயலும்போதுதான் அதிகம் உடைகிறது.

எட்டாத 4, 8 இரண்டிலும் சாக்கெட் சாயும். எல்லாத் திசையிலும் மடங்குகிற யுனிவர்சல் மூட்டை ப்ளக்குக்கு நேர் மேலே மாட்டினால் இழுவை பக்கவாட்டில் விழுந்து ப்ளக்கின் பீங்கான் வெடிக்கும். நீளமான எக்ஸ்டென்ஷனைக் குழிக்கு வெளியே வரை நேராகக் கொண்டுவந்து, வளைவு தேவையென்றால் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். காற்று வருகிற பெரிய குழாயைக் கழற்றிவிட்டால் இடம் நிறையக் கிடைக்கும். அதைக் கழற்றச் சோம்பல்பட்டுக் கையைக் கிழித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

வெளியே வந்த ஒவ்வொரு ப்ளக்கையும் புதியதன் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நுனிக் குழல் இல்லையென்றால் அது உள்ளே இருக்கிறது. 'ஓடினால் எரிந்துவிடும்' என்று இன்ஜினைக் கிளப்பக் கூடாது. டிரில்லை எடுத்துத் துளைக்கவும் கூடாது, தூள் நேராக பிஸ்டன் மேல் விழும். இதற்கென்றே லிஸ்லே 65600 என்ற கருவி விற்கிறது. உடைந்த பீங்கானைக் குழலுக்குள் கீழே தள்ளி, குழலின் உட்சுவரில் மரை பிடித்து, நட்டைத் திருப்பத் திருப்ப மேலே இழுத்துவிடும். வேலை தொடங்கும் முன்பே யாரிடமாவது இரவல் வாங்கிவைத்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை கடை கடையாக அலைய வேண்டாம். பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் விழுந்த சந்தேகம் இருந்தால் சின்னக் கேமரா விட்டுப் பார்த்து, வாக்குவம் வைத்து எடுத்த பிறகுதான் மேலே போக வேண்டும்.

புதியதைப் போடும்போது நடக்கிற தவறு, உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற ஆன்ட்டி-சீஸ் பசையை இடம் மாற்றித் தடவுவது. பழக்கதோஷத்தில் எல்லாரும் மரையில் தடவுவார்கள். இங்கே ஒட்டிக்கொள்வது குழல்தான், ஆகவே நிக்கல் கலந்த, அதிக வெப்பம் தாங்கும் பசையை அந்தக் குழலின் வெளிப்புறத்தில் மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பொறி வருகிற நுனியில் படக் கூடாது. முதலில் கையால் மரை ஏற்றி, கடைசியில் இறுக்கும் விசையை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் 34 நியூட்டன் மீட்டர், அதாவது 25 அடி-பவுண்டு. 'நல்லா இருக்கட்டும்' என்று அதற்கு மேல் ஒரு கால் சுற்று கொடுக்க வேண்டாம். இதே இன்ஜினுக்கு ஒரே துண்டாகச் செய்த ப்ளக்குகளும் சந்தையில் உண்டு. அடுத்த முறை கழற்றப்போவது நானே என்றால் அதைத்தான் போடுவேன்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சில விநாடி கிராங்க் செய்தால் பெட்ரோல் வராமல் இன்ஜின் மட்டும் சுற்றும். கிளீனர் அதிகமாக இறங்கியிருக்கும் என்று தோன்றினால் இதைப் புது ப்ளக் போடும் முன்பே, காயில்களின் மின்இணைப்பையும் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள். தேங்கியது குழி வழியே பீய்ச்சி வெளியே வரும், தள்ளி நில்லுங்கள். கிளப்பியதும் சற்று நேரம் புகையும் நாற்றமும் வரும், மிச்சக் கிளீனர் எரிவது அது. புகை அடங்கிய பிறகும் உதறினால் ப்ளக்கைத் திட்டாமல் ஸ்கேனரை மாட்டுங்கள். பி0301 முதல் பி0308 வரை வருகிற பிழைக் குறியீட்டில் கடைசி எண்தான் சரியாக எரியாத சிலிண்டர். பி0304 என்றால் போய்ப் பார்க்க வேண்டியது ஃபயர்வால் ஓரத்து நான்காவது காயிலின் கனெக்டரை. அநேகமாகப் பூட்டு 'டிக்' என்று விழாமல் இருக்கும்.