கரும்பலகை வேண்டாம்: சின்னப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்க

முதல் வேலையாக எதையும் வாங்காதீர்கள், முக்கியமாகக் கரும்பலகை வாங்காதீர்கள். நான் வாங்கினேன். கூடவே இரண்டு குட்டி மேஜை, சுவரில் ஒட்ட எழுத்துப் படம், கலர் கலராக ஒரு டைம்டேபிள். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு, பதினொன்றுக்கு இங்கிலீஷ் என்று போட்டு, நடுவில் இடைவேளைக்கு பூஜை மணியை எடுத்து ஆட்டினேன், இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நாலாவது நாள் மகள் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தப் பலகை மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது, அதன் பின்னால் பூனை குட்டி போட்டு வளர்த்துக் கொண்டிருக்கிறது.

எங்கள் வீடு மதுரையில். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. யூகேஜி முடித்ததும் பெரியவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம், இது இரண்டாவது வருஷம். ஏன் நிறுத்தினோம் என்பது வேறு கதை, அதை விடுங்கள். வீட்டில் நாள் எப்படி ஓடுகிறது, எங்கே தடுக்கும், அப்போது என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எவ்வளவு நேரம்

பள்ளியில் ஆறு மணி நேரம் இருக்கிறார்களே, வீட்டிலும் அத்தனை நேரம் உட்கார வைக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் இருக்கிற இடத்தில் வரிசையில் நிற்கவும் நோட்டை எடுக்கவும் மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கவும் போகிற நேரமே அதிகம். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றே கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. நாலு வயதுக்குப் பதினைந்து நிமிஷம், அதற்கு மேல் அவனே எழுந்து போய்விடுவான், போகட்டும்.

கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பித்தால் தினமும் தோற்றுப் போவீர்கள். தண்ணீர் வரும், கேஸ் வரும், யாராவது போன் பண்ணுவார்கள், பத்து மணி பத்தரை ஆகும், அப்புறம் 'இன்னிக்கு லேட் ஆயிடுச்சு' என்று விட்டுவிடத் தோன்றும். அதனால் நேரத்தை விட்டுவிட்டு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் பாய் விரிக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. எட்டரைக்குச் சாப்பிட்டாலும் பத்துக்குச் சாப்பிட்டாலும் தட்டு, பாய், புத்தகம். இரண்டு வாரத்தில் பிள்ளைகளே பாயை எடுத்து வந்துவிடுவார்கள்.

சின்னவனை முதலில் கவனியுங்கள்

இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. பெரியவளை உட்கார வைத்துப் பாடம் ஆரம்பிப்பேன், சின்னவன் வந்து முதுகில் ஏறுவான், நோட்டைக் கிழிப்பான், பென்சிலைக் கடிப்பான், நான் கத்துவேன், அவன் அழுவான், அன்றைய பாடம் முடிந்தது. அவனை எப்படித் தள்ளி வைப்பது என்றே யோசித்துக் கொண்டிருந்தேன். என் மாமியார்தான், "மொதல்ல அவனுக்குக் குடுத்துரு தாயீ, வயிறு நெறஞ்ச பிள்ளை தூங்கும்ல" என்றார்.

இப்போது முதல் பதினைந்து நிமிஷம் முழுக்க அவனுக்கு. மடியில் உட்கார வைத்து ஒரு படக்கதை, இரண்டு பாட்டு, ரவை கொட்டிய தட்டில் விரலால் ஒரு எழுத்து. அந்த நேரத்தில் அக்கா தன் நோட்டில் தானாகச் செய்கிற வேலையைச் செய்வாள். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் பிறகு நாற்பது நிமிஷம் பக்கம் வர மாட்டான். (எல்லா நாளும் இல்லை. பத்தில் ஏழு நாள்.)

அந்த நாற்பது நிமிஷத்துக்கு என்று ஒரு டப்பா வைத்திருக்கிறேன். பாய் விரித்தால் மட்டும் அது வெளியே வரும், பாயைச் சுருட்டினால் பரண்மேல் போய்விடும். உள்ளே பெரிதாக எதுவும் இல்லை: கலந்து வைத்த மொச்சையும் கொண்டைக்கடலையும், பிரிக்க இரண்டு கிண்ணம், துணி மாட்டும் கிளிப், பழைய பூட்டும் சாவியும், எண்ணெய் ஊற்றும் புனல், மூடியோடு நாலைந்து காலி மாத்திரை டப்பா. வாரம் ஒரு முறை இரண்டு சாமானை மாற்றுங்கள், இல்லாவிட்டால் சலித்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் பயறு வகை எதுவும் கூடாது, மூக்கில் போட்டுக்கொண்டால் அன்றைக்கு ஆஸ்பத்திரிதான்.

தமிழ் வாசிக்க வைப்பது

247 எழுத்தையும் அ முதல் வரிசையாக ஒப்பிக்க வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கலாம் என்று நினைத்தால் ஒரு வருஷம் போய்விடும், பிள்ளையும் வெறுத்துவிடும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் சேர்க்கை, அதைக் கூட்டத் தெரிந்தால் போதும். எழுதச் சுலபமான கோட்டெழுத்துகளில் ஆரம்பியுங்கள்: ட, ப, ம. மூன்றே எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லை வாசித்துவிட்டோம் என்கிற பெருமை பிள்ளைக்கு வர வேண்டும், அந்தப் பெருமைதான் அடுத்த மாதம்வரை இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் ர, க, ல, ழ, த என்று சேர்த்துக்கொண்டே போனால் மரம், பழம், கடல், தலை.

'தலை'யில் ஒரு தடுக்கல் இருக்கிறது. கொம்பு எழுத்தில் முன்னால் நிற்கிறது, ஓசையில் பின்னால் வருகிறது. கை, கெ, கே, கொ, கோ எல்லாவற்றிலும் இதே கதை. என் மகள் மூன்று வாரம் 'லை'யை 'ஐல' என்றே வாசித்தாள். திட்டாதீர்கள், அவள் இடமிருந்து வலமாகச் சரியாகத்தான் வாசிக்கிறாள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒரு அட்டையில் 'ல', இன்னொன்றில் கொம்பு எழுதி, 'ல' அட்டையை முதலில் வைக்கச் சொல்லி, பிறகு கொம்பு வந்து முன்னால் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி விளையாடினோம். மாடு கொம்பை முன்னால்தானே வைத்திருக்கும் என்றதும் பிடித்துக்கொண்டாள்.

இன்னொன்று உகர வரிசை. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசாக வளையும், இதற்கு ஒரே சூத்திரம் சொல்ல முடியாது. வரிசையாக எழுத வைப்பதைவிட குடம், சுவர், துணி, முகம் என்று சொல்லோடு வந்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ற-ர, ல-ள-ழ, ன-ண-ந குழப்பத்தை இந்த வயதில் எழுத்தில் திருத்தாதீர்கள். நீங்கள் வாய்விட்டு வாசிக்கும்போது நன்றாக உச்சரியுங்கள், போதும்.

வாய்விட்டு வாசிப்பதை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது. நாம் பேசுவது 'வந்துட்டான்', புத்தகத்தில் இருப்பது 'வந்துவிட்டான்'. காதில் கேட்டே பழகாத தமிழைப் பிள்ளை எப்படி வாசிக்கும்? ராத்திரி படுக்கும்போது பதினைந்து நிமிஷம் நீங்கள் வாசியுங்கள், அவர்கள் வாசிக்க வேண்டாம், கேட்டால் போதும். பகலில் பஸ் போர்டு. 'மேலூர்' என்று அவள் முதல்முதலாகத் தானே வாசித்தது மாட்டுத்தாவணியில் நின்றபோது, கண்டக்டரே திரும்பிப் பார்த்தார், அத்தனை சத்தம்.

இங்கிலீஷை நாங்கள் ஆறு மாதம் தள்ளி ஆரம்பித்தோம். ஒரு மொழியில் எழுத்தைக் கூட்டி வாசிக்கிற வித்தை பிடிபட்டால் இரண்டாவது சுளுவாக வந்துவிடுகிறது. கேட், பின், ஹாட் மாதிரி மூன்றெழுத்துச் சொற்கள், அவ்வளவுதான், இதில் சொல்ல அதிகம் இல்லை.

கணக்கு அடுப்படியில் இருக்கிறது

பல்லாங்குழி இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் போடுங்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது எங்கே முடியும் என்று முன்கூட்டியே கண்ணால் எண்ணுகிறார்கள் பாருங்கள், அதுதான் மனக்கணக்கு. அப்பத்தாவும் பேத்தியும் மத்தியானம் விளையாடுவார்கள், அப்பத்தா விட்டுக்கொடுக்கவே மாட்டார், அது இன்னும் நல்லது.

பின்னத்துக்கு நான் பட்ட கஷ்டம் எல்லாம் மாமியாரின் பழைய பித்தளை அளவைகளில் தீர்ந்தது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியை அளந்து ஊற்றி ஊற்றி, ஒரு படியில் எட்டு ஆழாக்கு என்று அவளே கண்டுபிடித்தாள், அரை, கால், அரைக்கால் மூன்றும் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. அளவை இல்லாவிட்டால் இட்லி மாவு இருக்கிறது: நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஆறு டம்ளர் அரிசி போட்டால் உளுந்து எவ்வளவு? தப்பாகச் சொன்னால் அதே அளவில் ஒரு முறை போட்டுப் பாருங்கள், மறுநாள் இட்லியே மார்க் போட்டுவிடும்.

எண் பெயர்களில் ஒரு இடம் கவனம். இருபது, முப்பது என்று ஒழுங்காக வந்து எண்பதில் நின்று, அடுத்து 'ஒன்பதுபது' என்றுதான் பிள்ளை சொல்லும். தொண்ணூறு, பிறகு தொள்ளாயிரம், இரண்டையும் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வெளியே

பழக ஆள் வேண்டாமா என்பது நியாயமான கேள்வி, இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது. வேண்டும், அது தானாக நடக்காது. தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வருகிற நாலரை மணிக்கு உங்கள் பிள்ளை வாசலில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் நாங்கள் நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறோம், 2023-ல் திறந்தது, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் பிள்ளை இஷ்டத்துக்குப் புத்தகம் எடுக்கும். கீழடி அருங்காட்சியகமும் பக்கம்தான். பானை ஓட்டில் கீறிய தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தைக் காட்டி, இது ஒரு ஆளின் பெயர், 'ஆதன்' என்றேன். "அவனும் கோடு கோடாத்தான் எழுதிருக்கான், டீச்சர் திட்டலையா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து உடைந்த பூந்தொட்டி ஓடு முழுக்க ஆணியால் பெயர் எழுதினார்கள் இருவரும்.

காகித விஷயம்

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டில் படிப்பதைப் பற்றி அதில் தனியாக ஒன்றும் எழுதவில்லை. அதே சட்டம், இடையில் சேர வருகிற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது, அதனால் மனசு மாறினால் பக்கத்து அரசுப் பள்ளிக் கதவு மூடியிருக்காது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது ஆனதும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், அதற்கு முன் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான ஏ, பி, சி நிலைகளும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று, இரண்டாம் வகுப்புப் புத்தகங்களை இறக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வரி வரியாக நடத்த வேண்டாம், மாதம் ஒரு முறை புரட்டி எங்கே நிற்கிறோம் என்று பார்க்கப் போதும். பழைய பள்ளியின் டிசியைப் பத்திரப்படுத்துங்கள். தினமும் ராத்திரி ஒரு நோட்டில் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள்: என்ன வாசித்தாள், என்ன எண்ணினாள், எதற்கு அழுதாள். பின்னால் பள்ளியில் கேட்டால் காட்டலாம். அதைவிட, ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றுகிற மாதத்தில் நாமே எடுத்துப் படிக்கலாம்.

ஓடாத நாள்

காய்ச்சல், விருந்தாளி, காலை முதல் மின்தடை, எனக்கே முடியாத நாள், எல்லாம் வரும். அதற்கென்று ஒரு குறைந்தபட்சம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் வாசிப்பு, ஒரு ஆட்டம் பல்லாங்குழி. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், போனைக் கையில் கொடுக்கிற குற்ற உணர்ச்சியும் கொஞ்சம் குறையும். கொடுக்க மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கொடுக்கிறேன், பாய் சுருட்டிய பிறகு மட்டும்.

அப்பாவுக்கும் ஒரு பங்கு வேண்டும், 'உதவி' என்று இல்லாமல் முழுப் பொறுப்பாக. எங்கள் வீட்டில் ஞாயிறு கணக்கும் ராத்திரி வாசிப்பும் அவருடையது. அவர் வாசித்தால் ராட்சசனுக்குக் குரல் மாறும், எனக்கு அது வராது. அந்தப் பதினைந்து நிமிஷம் நான் மொட்டை மாடியில் இருப்பேன், யாரும் கூப்பிடக்கூடாது.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கல்யாண வீட்டில் பிள்ளையிடமே நேராக, "எந்த ஸ்கூல், எத்தனாங் கிளாஸ்?" என்பார்கள். பிள்ளை திருதிருவென்று முழித்தால் அவ்வளவுதான், உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். "வீட்ல படிக்கிறேன், ரெண்டாம் கிளாஸ்" என்று சொல்லப் பழக்கிவிடுங்கள், முக்கால்வாசிப் பேர் அதோடு சாப்பிடப் போய்விடுவார்கள். பெரியப்பா மாதிரி விடாமல் கேட்கிறவர்களிடம் வாதாடாதீர்கள், "அடுத்த வருஷம் பார்க்கலாம் பெரியப்பா" என்று இலையைக் காட்டிவிடுங்கள்.

ஆரம்பிப்பதாக இருந்தால் திங்கட்கிழமை வேண்டாம். புதன்கிழமை ஆரம்பியுங்கள், மூன்றே நாளில் சனிக்கிழமை வந்துவிடும்.