காட்டுத்தீப் புகை, புழுதிப் புயல்: செயற்கைக்கோள் படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காலை விடிந்தும் விடியாதது போல் வானம் செம்மஞ்சளாகக் கிடந்தது. விண்ணிலிருந்து எடுத்த படங்களில் கலிஃபோர்னியாக் கரையைப் பழுப்புப் போர்வை ஒன்று மூடியிருந்தது. ஆனால் வானத்தின் நிறம் பயமுறுத்திய அளவுக்குத் தெருவில் காற்று அன்று மோசமாக இல்லை. கடலிலிருந்து வந்த குளிர்ந்த ஈரக்காற்று தரையை ஒட்டிப் படர்ந்திருக்க, புகை அதற்கு மேலே மிதந்தது. அடுத்த சில நாள்களில் புகை கீழிறங்கிய பிறகுதான் காற்று கெட்டது. 2023 ஜூன் 7 அன்று நியூயார்க்கில் நடந்தது வேறு. கனடாக் காட்டுத்தீயின் புகை தெருவரைக்கும் இறங்கி, மக்களின் மூச்சில் கலந்தது.

இந்த இரண்டு நாள்களின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எங்கே மூச்சு முட்டியது என்று சொல்லிவிட முடியாது. நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்கிற தவறு இதுதான்: படத்தில் அடர்த்தியாகத் தெரிந்தால் தரையிலும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுவது. செயற்கைக்கோள் தரையிலிருந்து வானுச்சி வரை இருக்கும் மொத்தத் துகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது. வண்ண வரைபடங்களில் வரும் ஒளியியல் தடிமன் என்ற அளவும் அந்த மொத்தக் கணக்குதான். துகள் தரையில் இருக்கிறதா, ஐந்து கிலோமீட்டர் மேலே இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சுவாசிக்கும் காற்றைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தரையில் வைத்து, பி.எம். 2.5 என்ற நுண்துகளை அளக்கும் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது இரவுக் குழப்பம். "நேற்று மாலை இருந்த புகை ராத்திரியோடு காணாமல் போய்விட்டது" என்று எழுதுகிறார்கள். புகை எங்கேயும் போகவில்லை, வெளிச்சம்தான் போனது. இரவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்புப் படம், அதாவது வெப்பக் கதிரைக் கொண்டு எடுப்பது. புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியது. சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள வெப்பக் கதிர் அதைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போய்விடும். பகலில் இயல்பான நிறத்தையும் இரவில் அகச்சிவப்பையும் காட்டும் ஜியோகலர் வகைப் படங்களில் இரவில் மின்னும் ஊர் விளக்குகளோ முன்கூட்டியே எடுத்து ஒட்டிய பின்னணி. அந்த விளக்குகள் பளிச்சென்று தெரிவதால் புகை விலகிவிட்டது என்று நம்பினால் ஏமாற வேண்டியதுதான். நிலவொளி இருக்கும் இரவுகளில் சில செயற்கைக்கோள்களில் உள்ள வைர்ஸ் என்ற படக்கருவியின், மங்கிய ஒளியையும் பிடிக்கும் பகல்-இரவுப் பட்டை ஓரளவு உதவும்.

புழுதி அப்படியல்ல. அதன் துகள் பெரியது, அதிலுள்ள மணல் கனிமங்கள் அகச்சிவப்பை உறிஞ்சும். அதனால் இரவிலும் பின்தொடரலாம். 8.7, 10.8, 12 மைக்ரோமீட்டர் பட்டைகளைக் கலந்து செய்யும் புழுதி வண்ணப்படத்தில் புழுதி கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பாக எழும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. வெயிலில் காய்ந்த வெறும் பாலைவனத் தரையும் கிட்டத்தட்ட அதே சாயலில் தெரியும். காற்றில் ஈரம் மிகுந்தால் உண்மையான புழுதி மங்கிவிடும். ஒற்றைப் படத்தை உற்றுப் பார்ப்பதைவிட, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் வரும் படங்களைத் தொடராக ஓட்டிப் பாருங்கள். தரை அசையாது, புழுதி நகரும். பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிலையாக நிற்கும் கோஸ், ஹிமவாரி போன்ற புவிநிலைச் செயற்கைக்கோள்களின் பெரிய பலமே இதுதான்.

பகலிலும் சூரியனின் கோணம் ஆட்டம் காட்டும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியைத் துகள்கள் செயற்கைக்கோளின் பக்கமாகச் சிதறடிப்பதால் புகை தடித்துத் தெரியும், நண்பகலில் மெலிந்துவிடும். இது தெரியாமல் "மதியம் குறைந்து மாலையில் மறுபடி கூடியது" என்று தீயின் போக்கையே எழுதிவிடுபவர்கள் உண்டு. நேற்றைய மாலையை இன்றைய மாலையோடு ஒப்பிடுவதே நியாயம்.

தீ எரியும் இடங்களைக் காட்ட வரைபடங்களில் இடும் சிவப்புப் புள்ளிகளுக்கு வருவோம். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியா முழுதும் தணலாக எரிவது போன்ற படம் ஒன்று உலகெங்கும் பரவியது. பலர் அதைப் புகைப்படம் என்றே நினைத்தார்கள். உண்மையில் ஒரு மாதத் தீத்தரவை ஒன்றாகக் குவித்துக் கணினியில் வரைந்த படம் அது. வைர்ஸ் புள்ளி ஒன்று 375 மீட்டர் பிக்சலின் மையத்தைக் குறிக்கிறது, அதாவது சுமார் 35 ஏக்கர். அந்தப் பரப்பில் ஒரு மூலை எரிந்தாலும் புள்ளி விழும். எரிவாயுக் குழாய்களின் சுவாலையும் எரிமலையும்கூடப் புள்ளியாகலாம். மறுபக்கம், புள்ளி இல்லாததால் தீ இல்லை என்றும் சொல்ல முடியாது. வைர்ஸ் ஏறிய செயற்கைக்கோள்கள் ஓரிடத்தை உள்ளூர் நேரப்படி மதியம் ஒன்றரையை ஒட்டியும் இரவு ஒன்றரையை ஒட்டியும் கடக்கின்றன. மூன்று மணிக்கு மூண்டு மாலைக்குள் அணைந்த தீ அவற்றின் கண்ணில் படாது. தடித்த மேகமும் தீயை மறைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம்: ஒருநாள் உலகப்படம் என்பது செயற்கைக்கோள் பூமியைப் பல முறை சுற்றி எடுத்த படங்களை ஒட்டித் தைத்த துணி. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே சுமார் 100 நிமிடம் ஓடிவிடும். புகை கத்தியால் வெட்டியது போல் ஒரு கோட்டில் நின்றால் அது தையல்தான்.

புகை மிக அடர்ந்த இடத்தில் ஒளியியல் தடிமன் வரைபடம் வெறுமையாக இருப்பதும் பலரைக் குழப்புகிறது. மேகத்தை வடிகட்டும் நிரல், தடித்த புகையையும் மேகம் என்று தள்ளிவிடுவதுண்டு. அப்போது சென்டினல்-5பி செயற்கைக்கோளிலுள்ள ட்ரோபோமி கருவியின் புற ஊதா ஏரோசால் குறியீடு (காற்றில் மிதக்கும் துகளைக் காட்டும் எண்) கைகொடுக்கும். மேகத்துக்கு மேலே கிடக்கும் புகையைக்கூட அது காட்டிவிடும். ஆனால் புகைக்கும் புழுதிக்கும் அதில் எண் கூடும், இரண்டையும் அது பிரித்துச் சொல்லாது. போதாததற்கு, அதே அளவு புகை மேலே ஏறினால் எண்ணும் ஏறும். தரையை ஒட்டிப் பரவி எல்லோரையும் இரும வைக்கும் புகைக்கு எண் சிறுத்துப் போகும்.